நிலை ஆளுக்கா, வேலைக்கா?

பரவலாகப் பகிரப்படும் கருத்து இது: ஊழியரின் நிலைக்கு ஏற்ப மேலாளர் தன் பாணியை மாற்றும் சூழ்நிலைத் தலைமைத்துவ முறைப்படி ஒவ்வொரு ஊழியரையும் திறன், ஈடுபாடு அடிப்படையிலான நான்கு நிலைகளில் ஒன்றில் வைத்து, அவரிடம் எப்போதும் அதற்குரிய பாணியிலேயே நடக்க வேண்டும், சீனியர் என்றால் பொறுப்பை ஒப்படைத்துவிடலாம்.

முறை அப்படிச் சொல்லவில்லை. 1969-இல் பால் ஹெர்சியும் கென் பிளான்சார்டும் முன்வைத்த இந்த மாதிரியை இருவரும் பின்னர் தனித்தனியே வளர்த்தார்கள். சொற்கள் மாறின. ஆனால் இரண்டிலுமே திறனும் ஈடுபாடும் அளக்கப்படுவது குறிப்பிட்ட ஒரு வேலையை வைத்துத்தான். நிலை பற்றிய வரையறையைப் படித்தாலே இது தெரியும்.

பத்து வருடம் டேலி கணக்கு மென்பொருளில் வேலை பார்த்த கணக்காளர் மாதக் கணக்கை முடிப்பதில் நான்காம் நிலையில், அதாவது திறனும் ஈடுபாடும் நிறைந்த நிலையில் இருப்பார். நிறுவனம் எஸ்ஏபி என்ற வேறு மென்பொருளுக்கு மாறினால், அதைப் பொறுத்தவரை அவர் முதல் நிலை, அதாவது புதியவர். படிப்படியாகச் சொல்லித்தர வேண்டும். 'சீனியர்தானே' என்று விட்டால் தப்பான பதிவுகள் மாதக் கடைசியில்தான் வெளிவரும், பழியும் (வழக்கம்போல) அவர் மனப்பான்மை மேல் விழும்.

நீங்களே சோதிக்கலாம். உங்கள் குழுவில் ஒருவரை எடுத்து, அவர் செய்யும் மூன்று வேலைகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கேள்வி: கடைசியாக முடித்ததில் திருத்தம் தேவைப்பட்டதா? நினைவூட்டாமல் தானே தொடங்கினாரா? மூன்றுக்கும் ஒரே பதில் வருவது அபூர்வம்.