பறப்பதற்கு முன் நிறுத்தக் கற்றுக்கொடுங்கள்

என் அக்காவின் மகன் தெற்கில் ஒரு விமானப் பயிற்சிப் பாடசாலையில் படிக்கிறான். பயிற்றுநர் இல்லாமல் தனியாகப் பறந்த மூன்றாவது நாள், ஓடுபாதையை விட்டு எழும் வேளையில் அவனுடைய விமானம் இடப்பக்கம் சரிந்து புல்தரையில் மோதியது. காறை எலும்பு முறிந்ததோடு உயிர் தப்பினான். செய்தி யாழ்ப்பாணம் வந்து சேர்ந்த அன்றே ஊரின் தீர்ப்பும் வந்துவிட்டது. "பெடியன் பயந்திட்டான்" என்றார்கள், "அவ்வளவு காசும் போச்சு" என்றார்கள். 28 ஆண்டுகள் பௌதிகவியல் கற்பித்தவன் என்ற முறையிலும் அவனுடைய தாய்மாமன் என்ற முறையிலும் இதைக் கேட்டுக்கொண்டு பேசாமல் இருக்க என்னால் முடியவில்லை.

அவன் ஓட்டியது செஸ்னா 152. இரண்டு பேர் மட்டுமே அமரக்கூடிய, 110 குதிரை வலு எஞ்சின் கொண்ட சிறு விமானம். எஞ்சினின் வலுவைக் கூட்டிக் குறைக்கும் பிடியான திரொட்டிலை முழுவதுமாகத் தள்ளியதும் இதன் மூக்கு தானாகவே இடப்பக்கம் திரும்பப் பார்க்கும். விமானியின் இருக்கையிலிருந்து பார்த்தால் முன் விசிறி வலஞ்சுழியாகச் சுற்றுகிறது. அது பின்னே தள்ளும் காற்று விமானத்தின் உடலைச் சுற்றி முறுகிக்கொண்டு போய், வாலில் நிமிர்ந்து நிற்கும் செட்டையின் இடப்பக்கத்தில் அடிக்கிறது. வால் வலப்பக்கம் தள்ளப்பட, மூக்கு இடப்பக்கம் போகிறது. அதனால்தான் எழும்போது வலது காலால், மூக்கை வலப்பக்கம் திருப்பும் சுக்கான் மிதியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறார்கள். அன்றைக்கு இடப்பக்கத்திலிருந்து சோளகக் காற்றும் அடித்தது. வால் செட்டையில் காற்றுப் பட்டால் விமானம் காற்று வரும் திசைக்கே முகத்தைத் திருப்பும் என்பதால், இரண்டும் சேர்ந்து அவனை ஒரே பக்கம் இழுத்தன.

பயிற்றுநர் அருகில் இல்லாத விமானம், பழகிய அதே விமானம் அல்ல. மொத்தப் பாரம் 757 கிலோவைத் தாண்டக்கூடாத விமானத்தில், வளர்ந்த ஒரு மனிதரின் எடை ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு. அவர் இறங்கிவிட்டால் அது வழமையைவிட முந்தியே தரையை விட்டுக் கிளம்பப் பார்க்கும். இவன் மிதியைப் பிந்தி அழுத்தி, பிறகு அளவுக்கு மீறி அழுத்தி, மூக்கு இரு பக்கமும் அலைந்து, புல்தரை எதிரே வந்தபோது, ஏறித் தப்பலாம் என்று கைப்பிடியைத் தன்பக்கம் இழுத்துவிட்டான். 50 நொட், அதாவது மணிக்குச் சுமார் 93 கிலோமீற்றர் வேகத்தில் இழுக்க வேண்டியது. அந்த வேகம் வந்திருக்கவில்லை.

தரைக்கு மிக அருகில், அதாவது இறக்கையின் முழு நீளமான சுமார் 10 மீற்றர் உயரத்துக்குள், விமானம் குறைந்த வேகத்திலும் மிதக்கும். எழுந்துவிட்டோம் என்று விமானி நம்பிவிடுவார், ஆனால் அதற்கு மேல் ஏறுவதற்கு அந்த வேகம் போதாது. வல்வெட்டித்துறைக் கடற்கரையில் பட்டம் ஏற்றியவர்களுக்கு மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை. பட்டத்தின் முகத்தில் கட்டும் முச்சை நூலைப் பிழையாகக் கட்டிப் பட்டம் காற்றுக்கு எதிரே அளவுக்கு மீறி நிமிர்ந்து நின்றால், அது ஏறாமல் ஒரு பக்கம் சாய்ந்து குத்தும். விமானத்தின் மூக்கும் அப்படி அளவுக்கு மீறி நிமிர்ந்தால் இறக்கையால் அதைத் தாங்க முடியாமல் போகும். இதை ஸ்டோல் என்கிறார்கள். உறவினர் சிலர் எஞ்சின் நின்றுவிட்டதாக நினைத்தார்கள். எஞ்சின் கடைசிவரை முழு வலுவோடு ஓடிக்கொண்டுதான் இருந்தது. பாரத்தைத் தாங்காமல் விட்டது இறக்கை.

விமானம் முதலில் இடப்பக்கம் இழுத்த கணத்திலேயே திரொட்டிலை மூடியிருந்தால் இவ்வளவும் நடந்திராது. விமானம் புல்லுக்குள் உருண்டு போய் நின்றிருக்கும், மிஞ்சினால் ஒரு சக்கரம் சேதமாகியிருக்கும். வைத்தியசாலையில் அவனிடம் ஏன் மூடவில்லை என்று கேட்டேன். "மாமா, நிப்பாட்டினா எல்லாரும் என்ன சொல்லுவினம் எண்டதுதான் முதல் வந்தது" என்றான்.

அந்தப் பதில் என்னை நித்திரை கொள்ளவிடவில்லை. காணியை ஈடு வைத்தும், பிரான்சிலிருக்கும் சித்தப்பாவிடம் கேட்டும் கட்டிய காசு அது. யாழ்ப்பாணத்துப் பலாலியில் 2019 ஒக்ரோபர் 17 அன்று சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்ட நாளிலிருந்து, ஒருநாள் அங்கே விமானத்தைக் கொண்டுவந்து இறக்குவாய் என்று நாங்கள்தான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தோம். நானும் சொன்னேன். இடையில் நிறுத்துவதைத் தோல்வி என்று பழக்கிய வீட்டிலிருந்து போன பிள்ளை, ஓரிரு நொடிக்குள் முடிவெடுக்க வேண்டிய இடத்தில் எங்கள் எல்லோரையும் நினைத்திருக்கிறான்.

பாடசாலைக்கும் இதில் பங்குண்டு. எழுவதையும் இறங்குவதையும் நூறு தடவைக்கு மேல் செய்வித்தவர்கள், பாதி ஓட்டத்தில் நிறுத்துவதை அவனிடம் வாயால்தான் சொல்லியிருக்கிறார்கள். ஒருமுறையாவது முழு வலுவோடு ஓடி, பயிற்றுநர் "நிறுத்து" என்றதும் கை தானாகப் பின்னே வரும்வரை பழக்கியிருந்தால், அந்தக் கை அன்று யோசித்திருக்காது. தனிப் பறப்புக்கு அனுப்புமுன் இதைக் கட்டாயமாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. இதனால் கூடும் செலவு மிகச் சிறியது.

பழி தேடி இதை எழுதவில்லை. 1944 இல் சிக்காகோவில் கையெழுத்தான சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்துச் சமவாயத்தின் 13 ஆம் இணைப்பு, விபத்து விசாரணையின் ஒரே நோக்கம் இனி விபத்து நேராமல் தடுப்பதே, குற்றத்தையோ பொறுப்பையோ சுமத்துவதல்ல என்று தெளிவாகச் சொல்கிறது. அந்த நாகரிகம் எங்கள் திண்ணைகளுக்கும் வர வேண்டும். எலும்பு பொருந்துமுன்னரே "இனி வேற ஏதும் படிக்கட்டும்" என்று அவனுடைய தாய்க்குப் புத்தி சொன்னவர்கள், அவன் என்ன பிழை விட்டான், அதை எப்படித் திருத்தலாம் என்று ஒரு சொல் கேட்கவில்லை.

நேற்று அவன் மீண்டும் விமானத்தில் ஏறினான், பயிற்றுநரோடு. அவனே கேட்டபடி ஆறு தடவை ஓடி, ஆறு தடவையும் நிறுத்தியிருக்கிறார்கள். இரவு தொலைபேசியில் அதைச் சொன்னபோது அக்கா, "அப்ப இண்டைக்குப் பறக்கேல்லையோ?" என்று கேட்டார். இல்லை என்றான். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, சாப்பிட்டாயா என்று கேட்டார்.