எண்டோஸ்கோபியில் புண் தெரியாவிட்டால் நோயே இல்லையா?

"எண்டோஸ்கோபியில் புண் தெரியாவிட்டால் வயிற்றில் ஒன்றுமில்லை, சதை எடுப்பது புற்றுநோய் சந்தேகத்துக்கு மட்டும்தான்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. இது தவறு. இதை நம்பி பயாப்ஸி (சதைத் துணுக்கு எடுத்துச் சோதிப்பது) வேண்டாம் என்று தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.

இயோசினோபிலிக் கேஸ்ட்ரைடிஸ் என்ற அரிய இரைப்பை அழற்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வாமையோடு தொடர்புடைய இயோசினோபில் வெள்ளணுக்கள் இரைப்பைச் சுவரில் கூட்டமாகக் குவிந்துவிடும். வயிற்றுவலி, வாந்தி, நாலு வாய் சாப்பிட்டதுமே வயிறு நிறைந்த உணர்வு எல்லாம் இருக்கும். ஆனால் எண்டோஸ்கோபி கேமராவில் சிலருக்குச் சிவப்போ புண்ணோ தெரியும், சிலருக்கு எதுவுமே தெரியாது.

மைக்ரோஸ்கோப்பில்தான் நோய் பிடிபடும். இயோசின் சாயம் ஏற்றிய சதையில் இந்த அணுக்களின் துகள்கள் ஆரஞ்சு கலந்த சிவப்பில் பளிச்சென்று நிற்கும். அதிக உருப்பெருக்கத்தில் ஒரு பார்வைப் பரப்புக்கு இந்த அணுக்கள் 30 அல்லது அதற்கு மேல், அதுவும் குறைந்தது 5 பரப்புகளில் இருக்க வேண்டும் என்பது பரவலாகப் பயன்படும் அளவுகோல்.

அழற்சி திட்டுத்திட்டாக இருப்பதால் ஓரிடத்தில் மட்டும் கிள்ளினால் தவறிவிடும். அதனால்தான் பல இடங்களில் எடுக்கிறார்கள். ஒவ்வொரு துணுக்கும் அரிசிமணியைவிடச் சிறியது; கிள்ளும்போது வலிக்காது. அப்புறம், எண்ணிக்கை கூடியிருந்தாலே இந்த நோய்தான் என்றும் ஆகாது. குடற்புழு, ஹெச். பைலோரி என்ற இரைப்பை பாக்டீரியா தொற்று, மருந்து ஒவ்வாமை இவையெல்லாம் காரணம் இல்லை என்று மருத்துவர் உறுதி செய்ய வேண்டும்.