விமானம் முன்னே, கடல் பின்னே: சுங்கை சிப்புட் இளைஞர்களுக்கு

எங்கள் ஊர் இளைஞர்கள் எட்டுப் பேர் அடுத்த மாதத்து நீண்ட வார இறுதியில் சபா மாநிலத்துச் செம்போர்னாவுக்கு விமானத்தில் போய், சிப்பாடான், மபுல் தீவுகளின் கடற்பகுதிகளில் காற்றுக் கலன் அணிந்து முக்குளிக்கத் திட்டமிட்டிருக்கிறார்கள். தாவாவ் விமான நிலையத்தில் இறங்கிய அன்றே கடலில் இறங்கலாமா என்று அவர்களில் ஒருவர் புலன (வாட்ஸ்அப்) குழுவில் கேட்டார். ஒரு நாள் காத்திருக்க வேண்டும் என்று ஒருவரும், காத்திருக்கவே வேண்டாம் என்று மற்றொருவரும் பதில் எழுதினார்கள். காத்திருப்பு விதி என்று ஒன்று உண்டு. ஆனால் அது போகும் பயணத்துக்கு உரியதன்று, திரும்பும் பயணத்துக்கு உரியது.

நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு நைட்ரஜன். கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் ஒரு வளிமண்டல அளவு அழுத்தம் கூடுவதால், 20 மீட்டர் ஆழத்தில் முக்குளிப்பவர் தரையில் இருப்பதைப் போல் மூன்று மடங்கு அழுத்தத்தில் காற்றை உள்வாங்குகிறார். அப்போது அதிகப்படியான நைட்ரஜன் இரத்தத்திலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேர்கிறது. மேலே வந்த பிறகு அது நுரையீரல் வழியாகச் சிறிது சிறிதாக வெளியேறப் பல மணி நேரம் ஆகும். அதற்குள் அழுத்தம் இன்னும் குறைந்த ஓரிடத்துக்குப் போனால், கரைந்திருந்த வாயு உடலுக்குள்ளேயே குமிழிகளாகப் பிரிந்து மூட்டு வலி, மரத்துப்போதல், தலைச்சுற்றல் ஆகியவற்றை உண்டாக்கலாம். தண்டுவடம் பாதிக்கப்பட்டால் கால் விளங்காமலும் போகலாம். விமானத்தின் உட்புறம் அப்படிப்பட்ட ஓரிடம்தான். அங்கே காற்றழுத்தம் பொதுவாக 1,800 முதல் 2,400 மீட்டர் உயரமுள்ள மலையில் இருப்பதற்குச் சமம். நாம் அடிக்கடி போய்வரும் கேமரன் மலையின் தானா ராத்தாவே ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரம்தான் என்பதை நினைத்துப் பார்த்தால் இது விளங்கும்.

முதலில் விமானம், பிறகு கடல் என்றால் இந்தக் கணக்கு பொருந்தாது, ஏனென்றால் விமானத்தில் உடல் நைட்ரஜனைச் சேர்ப்பதில்லை, சிறிதளவு இழக்கவே செய்கிறது. ஆகவே குமிழிக்குப் பயந்து ஒரு நாள் காத்திருக்க வேண்டியதில்லை. ஆயினும் அன்றே இறங்குவதை நான் ஏற்கவில்லை, அதற்குக் காரணம் வேறு. காலை முதல் விமானத்தைப் பிடிக்கச் சுங்கை சிப்புட்டிலிருந்து நள்ளிரவுக்கு முன்பே வேன் ஏற வேண்டும். தாவாவிலிருந்து செம்போர்னாவுக்கு மறுபடியும் ஒரு மணி நேரத்துக்கு மேல் சாலைப் பயணம். தூக்கமும் இல்லாமல், விமானத்தின் வறண்ட காற்றில் போதிய தண்ணீரும் குடிக்காமல் வந்தவர், விமானம் இறங்கும்போது அடைத்த காது திறப்பதற்குள் கடலில் இறங்குகிறார். முதல் 10 மீட்டரிலேயே அழுத்தம் இரு மடங்காகிவிடுவதால், அழுத்தத்தைச் சமன்செய்ய முடியாத காதில் செவிப்பறை கிழியவும் கூடும். சளியை அடக்க மாத்திரை போட்டுக்கொண்டு இறங்குவது இன்னும் மோசம். நீருக்கடியில் மருந்தின் வேகம் குறைந்தால், மேலேறும்போது காற்று வெளியேற வழியின்றி வலி பொறுக்க முடியாததாகிவிடும். ஓரிரவு நன்றாகத் தூங்கி எழுந்து மறுநாள் காலையில் இறங்குவதே சரி.

திரும்பும் பயணத்தைப் பற்றி நான் இவ்வளவு வற்புறுத்துவதற்கு என் தங்கை மகனே காரணம். சில ஆண்டுகளுக்கு முன் அவன் பெர்ஹெந்தியான் தீவில் மூன்று நாள் முக்குளித்தான். கடைசி நாள் காலையிலும் இரண்டு முறை இறங்கிவிட்டு, அன்று மாலையே கோலபெசுட்டிலிருந்து நண்பர்களோடு வேனில் புறப்பட்டான். விமானம் ஏறவில்லையே என்பதால் யாருக்கும் எந்த ஐயமும் எழவில்லை. ஆனால் ஜெலியிலிருந்து கிரிக் வரும் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலை, தித்திவாங்சா மலைத்தொடரைக் கடக்கும் இடத்தில் ஏறத்தாழ 1,000 மீட்டர் உயரம் ஏறுகிறது. அந்த ஏற்றத்தில்தான் அவனுக்கு இடது தோளில் வலி தொடங்கி, விரல்கள் மரத்தன. காற்றுக் கலனைத் தூக்கிய வலி என்று எண்ணிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தான். மறுநாள் ஒரு கிளினிக்கில் வலி மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மாலையில் பார்த்த வேறொரு மருத்துவர்தான் கடைசியாக எப்போது முக்குளித்தாய் என்று கேட்டு, லூமுட்டில் உள்ள இராணுவ மருத்துவமனைக்கு அனுப்பினார். அங்கே உயர் அழுத்த அறையில் ஆக்சிஜன் சிகிச்சை பெற்றுத்தான் குணமானான். ஒரு நாள் முழுவதும் வீணான அந்தத் தாமதத்தை நினைத்தால் இன்றும் என் வயிறு கலங்குகிறது.

முக்குளிப்பவர்களின் பாதுகாப்புக்காக இயங்கும் டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அமைப்பு 2002-இல் நடத்திய நிபுணர் கூட்டத்துக்குப் பின் வகுக்கப்பட்ட வழிகாட்டுதல்படி, ஒரே ஒரு முறை முக்குளித்தவர் விமானம் ஏறக் குறைந்தது 12 மணி நேரமும், பல முறை அல்லது பல நாள் முக்குளித்தவர் குறைந்தது 18 மணி நேரமும் காத்திருக்க வேண்டும். மேலேறும்போது இடையில் நிறுத்தி அழுத்தம் குறைக்க வேண்டிய அளவுக்கு முக்குளித்தவர்களுக்கு 18 மணி நேரத்தைவிடக் கணிசமாகக் கூடுதல் நேரம் தேவை. இந்த வழிகாட்டுதல் கணக்கில் எடுத்துக்கொள்ளும் உயரம் ஏறத்தாழ 600 மீட்டரிலேயே தொடங்கிவிடுகிறது. என் தங்கை மகன் வேனில் கடந்த அந்த மலைச்சாலையும் அதற்குள் அடங்கும். இத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் ஆபத்து குறைகிறதே தவிர, முற்றிலும் நீங்குவதில்லை.

இளைஞர்களின் பயணத் திட்டத்தைப் பார்த்தேன். சனிக்கிழமை வந்திறங்கிய பிற்பகலே முதல் முக்குளிப்பு, ஞாயிறு மூன்று, திங்கள் காலை பத்து மணிக்குக் கடைசி முக்குளிப்பு, மாலை ஐந்து மணிக்கு விமானம். கடைசி முக்குளிப்புக்கும் விமானத்துக்கும் இடையே ஏழே மணி நேரம். ஒரு நாள் விடுப்பை மிச்சப்படுத்துவதற்காக இப்படி நெருக்கி அடைக்கிறார்கள் என்பது புரிகிறது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் வேலை செய்கிறவர்களுக்கு விடுப்பின் அருமை எனக்கும் தெரியும். அப்படியானால் திங்கட்கிழமை முக்குளிப்பை விட்டுவிட்டு, அன்று நீர்மட்டத்தில் மிதந்தபடி பவளப்பாறைகளைப் பார்த்துவிட்டு வரட்டும். அதற்கு மனமில்லை என்றால், செவ்வாய்க்கிழமை காலை விமானத்துக்குப் பயணச்சீட்டை மாற்றிக்கொள்ளட்டும். மாற்றுவதற்கான கூடுதல் கட்டணத்தில் பாதியை நானே தருகிறேன்; இந்த வாரத்துக்குள் முடிவு சொல்லுங்கள், தம்பிகளே.