ஜிம் பிறகு, முதலில் கிளாஸைப் பாருங்கள்
ஜிம்முக்குப் போக நேரமில்லாததால்தான் மலேசிய லோரி ஓட்டுநர்களுக்கு எடை கூடுகிறது என்று இங்கே வந்த கட்டுரை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. பட்டர்வொர்த்தில் ஏறி கிள்ளான் துறைமுகத்தில் இறங்குவதற்குள் எத்தனை கிளாஸ் தே தாரிக் (டின் பால் ஊற்றி ஆற்றிய தேநீர்) உள்ளே போகிறது என்று முதலில் எண்ண வேண்டும். டின் பாலில் (இனிப்பூட்டிய கெட்டிப் பால்) ஏறக்குறைய பாதி சீனிதான். ஒரு மேசைக்கரண்டியில் சுமார் 10 கிராம் சீனி. கிளாஸுக்கு இரண்டு கரண்டி என்றாலே மூன்று கிளாஸில் 60 கிராம் ஆகிவிடும். உலகச் சுகாதார நிறுவனமோ நாளைக்குச் சீனி 25 கிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. 'கூராங் மானிஸ்' (இனிப்புக் குறைவாக) என்றால் கடைக்குக் கடை அளவு மாறும், அதனால் 'தே ஓ கோசோங்' (பாலும் சீனியும் இல்லாத தேநீர்) என்றே கேளுங்கள். நாசி கண்டாரில் (சோறும் கறிகளும்) குழம்பை மேலே வெள்ளமாக ஊற்றும் 'பஞ்சிர்' வேண்டாம், குழம்பைத் தனிக் கிண்ணத்தில் வாங்கித் தொட்டுக்கொள்ளலாம். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், வீட்டுச் சோறு எடுத்துப்போனாலே போதும் என்கிறார். நல்ல யோசனைதான், ஆனால் வெயிலில் நிற்கும் லோரிக்குள் சோறு இரண்டு மணி நேரம்கூடத் தாங்காது. அதில் கிருமி பெருகி உண்டாகும் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. ஐஸ் பெட்டி இல்லாதவர்கள் வாழைப்பழம், கச்சாங் பூத்தே எனும் வறுத்த கடலை வகை (உப்புக் குறைவானது) வைத்துக்கொள்ளட்டும். வழியில் தாப்பா நெடுஞ்சாலை ஓய்விடத்தில் சாப்பிட்டதும் இருக்கையில் சாயாமல், டயரையும் சரக்கைக் கட்டிய பட்டைகளையும் பார்த்தபடி லோரியைப் பத்து நிமிடம் சுற்றி வாருங்கள். இறங்கும்போது குதிக்கவே கூடாது. முகம் லோரிப் பக்கம் இருக்க, கைப்பிடியைப் பிடித்துப் படிப்படியாக இறங்கினால்தான் முட்டி தப்பும்.