நன்றி வேறு, ஆஜர் வேறு

அந்தப் போட்டோவைப் பார்க்காதவர்கள் இந்த வட்டத்தில் யாரும் இருக்க முடியாது. வருடா வருடம் 25ஆம் தேதி தன் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து வைக்கும் அண்ணன், இந்தத் தடவை நாங்கள் நாலு பேரும் வரவில்லை என்று போட்ட போஸ்ட் அது. நான்கு காலி நாற்காலி, பின்னால் மினுக்கும் கிறிஸ்துமஸ் மரம், மேலே "ஏணியை மறந்தவர்கள்" என்று தலைப்பு, கீழே செய்ந்நன்றி கொன்றவருக்கு உய்வில்லை என்கிற நூற்றுப் பத்தாவது குறள், அதற்கும் கீழே என் பெயர், என் வீட்டுக்காரர் பெயர். நேற்று காலை நைட் ஷிப்ட் முடிந்து, ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் கார் கண்ணாடியில் பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். போன் நிற்காமல் அடித்தது. வாழ்த்துகள் என்று நினைத்துச் சந்தோஷமாக எடுத்துப் பார்த்தேன். பாருங்கள், இத்தனை வயதுக்கு மேலும் எனக்கு அந்த நம்பிக்கை இருக்கிறது.

அண்ணன் இதைப் படிப்பார். படிக்கட்டும். என்னை டேக் பண்ணத் தெரிந்தவருக்குப் படிக்கவும் தெரியும்.

ஒரே விஷயம்தான் சொல்ல வந்தேன். நன்றி வேறு, ஆஜர் வேறு. 25ஆம் தேதி ஏழு மணிக்கு அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் நன்றியுள்ளவள், உட்காராவிட்டால் நன்றி கெட்டவள் என்றால், அதற்குப் பெயர் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. பதிவேட்டை வைத்துக்கொண்டு யாரும் பாசத்தை எண்ண முடியாது.

முதலில் கணக்கையே பார்த்துவிடுவோம், அவருக்குக் கணக்கு பிடிக்கும் என்பதால். 2009 ஜனவரியில் நான் நியூவார்க்கில் வந்து இறங்கியபோது என்னிடம் இருந்தது ஒரு மெல்லிய ஸ்வெட்டர். பெரியம்மா மகன் என்ற ஒரே உரிமையில் அண்ணன் வந்து நின்றார். தன் கோட்டைக் கழற்றி எனக்குக் கொடுத்துவிட்டு, அந்தக் குளிரில் சட்டையோடு பெட்டியைத் தள்ளிக்கொண்டு நடந்தார். ஐந்து மாதம் அவர் வீட்டு பேஸ்மென்ட்டில் இருந்துதான் படித்தேன். இதை நான் எந்த மேடையிலும் மறைத்ததில்லை. அந்தக் கோட்டைப் பற்றி என் பிள்ளைகளுக்கு அவரைவிட நான்தான் அதிகம் சொல்லியிருக்கிறேன். அதன் பிறகு வந்தவை 16 டிசம்பர்கள். 2020ஐத் தவிர அத்தனைக்கும் அந்த வீட்டில் நான் இருந்தேன். 2020இல் யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை, அதையும் ஆப்சென்ட் என்று போட்டிருக்கிறாரோ என்னவோ. இது பதினேழாவது. ஒன்றே ஒன்று. அதற்கு ஒரு குறள்.

இப்போது ஏன் போகவில்லை என்பதற்கு வருகிறேன். தெரிந்தவர்களுக்குத் தெரியும், நான் ஆஸ்பத்திரி லேபில் ரத்த வங்கிப் பிரிவில் இருக்கிறேன். ரத்த வகை பார்ப்பது, நோயாளியின் ரத்தத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துப் பையை அனுப்புவது. விபத்தில் அடிபட்டு வருகிறவர் பண்டிகை பார்த்து வருவதில்லை. அதனால் எங்களுக்கு விடுமுறை நாட்களைப் பங்கு போட்டு முன்கூட்டியே ஷிப்ட் போட்டுவிடுவார்கள். என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண், ஆறு வருடமாக ஒவ்வொரு தீபாவளி ராத்திரியும் என் ஷிப்டை எடுத்துக்கொள்கிறாள். எங்கள் விடுமுறைப் பட்டியலில் தீபாவளி கிடையாது, நான் கேட்டு வாங்கவும் முடியாது. அவள் கேட்காமலே எடுத்துக்கொள்வாள். "உன் பிள்ளைகள் கொளுத்துகிற மத்தாப்பை எனக்குப் போட்டோ எடுத்து அனுப்பு, போதும்" என்பாள். அவளுக்கு இந்த வருடம் குழந்தை பிறந்தது. குழந்தைக்கு முதல் கிறிஸ்துமஸ். 24, 25 இரண்டு ராத்திரியும் அவள் பெயர்தான் இருந்தது. நானே போய்ப் பெயரை மாற்றிக்கொண்டேன்.

எனக்கு 25 ஒரு லீவு நாள். அவளுக்கு அது பண்டிகை, கோயில், பாட்டு, அவள் அம்மா அப்பா. இதில் யார் வீட்டில் இருக்க வேண்டும் என்பதற்குப் பெரிய யோசனை தேவையா?

ஆக, நன்றி மறந்ததால் நான் வராமல் போகவில்லை. நன்றி மறக்காததால்தான் வரவில்லை. இதைப் பெரிய எழுத்தில் போடத் தெரிந்தால் போட்டிருப்பேன்.

"ஷிப்டுதான் காரணம் என்றால் வீட்டுக்காரரையும் பிள்ளைகளையும் அனுப்பியிருக்கலாமே?" கேட்பீர்கள். கேட்டும்விட்டார்கள், மூன்று பேர், இன்பாக்ஸில். அனுப்பியிருக்கலாம்தான். ஆனால் பகலெல்லாம் தூங்கி எழுந்து மறுபடி ராத்திரி வேலைக்குக் கிளம்பும் அம்மாவோடு ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து சாப்பிட வேண்டும் என்று என் பெண் சொன்னாள். பன்னிரண்டு வயதுப் பெண். குடும்பத்தோடு இருப்பது முக்கியம் என்று அண்ணன் வருடா வருடம் மைக்கில் சொன்னதை அவள் உண்மை என்று நம்பிவிட்டாள் போல.

"கிறிஸ்துமஸுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம், எதற்கு இந்தச் சண்டை?" என்பவர்களுக்குப் பதில் சொல்லப் போவதில்லை. இந்த நாட்டில் 1870இலேயே கூட்டாட்சி விடுமுறைப் பட்டியலில் ஏறிவிட்ட நாள் அது. அன்றைக்குத்தான் பெரும்பாலானவர்களுக்கு லீவு, அன்றைக்குத்தான் கூட முடியும், கூடுகிறோம். அவ்வளவுதான். ஆனால் அந்த லீவு எல்லோருக்கும் என்று நினைக்காதீர்கள். தனியார் நிறுவனம் விடுமுறை நாளில் லீவு தர வேண்டும், கூடுதல் சம்பளம் தர வேண்டும் என்று கூட்டாட்சிச் சட்டம் எதுவும் கட்டாயப்படுத்தவில்லை. அன்று மாலை நீங்கள் பால் தீர்ந்துவிட்டது என்று பெட்ரோல் பங்க்கில் போய் வாங்கினீர்களே, அங்கே நின்றவருக்கும் வீட்டில் ஒரு நாற்காலி காலியாகத்தான் இருந்திருக்கும்.

நாங்கள் சும்மா வராமலும் இருக்கவில்லை. நவம்பரிலேயே போன் பண்ணி, "அண்ணா, இந்தத் தடவை 25 முடியாது, 27 சனிக்கிழமை நாலு பேரும் வந்துவிடுகிறோம்" என்று சொன்னேன். அதற்கு அவர் சொன்ன பதில்: "25ன்னா 25தான். 27க்கு வந்தா மிச்சம்தான் கிடைக்கும்."

தேதி அவ்வளவு புனிதமா? தேங்க்ஸ்கிவிங் பற்றி எல்லோருக்கும் வகுப்பெடுப்பவர் அவர். 1939இல் ரூஸ்வெல்ட் அதே நன்றித் திருநாளை ஒரு வாரம் முன்னால் நகர்த்தினார், கடைகளில் வியாபாரத்துக்கு நாள் கூடுதலாகக் கிடைக்கட்டும் என்று. சில மாநிலங்கள் அவர் பேச்சைக் கேட்டன, சில கேட்கவில்லை, ஒரே நாட்டில் இரண்டு தேதியில் நன்றி சொன்னார்கள். கடைசியில் 1941இல் சட்டம் போட்டு நவம்பர் நான்காவது வியாழன் என்று முடிவு செய்தார்கள். ஜனாதிபதி வியாபாரத்துக்காக ஒரு வாரம் நகர்த்தலாம். ரத்த வங்கிக்காக நான் இரண்டு நாள் நகர்த்தக் கூடாது.

அந்த நாளையே தேசிய நாளாக்கிய 1863 அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். சாரா ஜோசஃபா ஹேல் என்ற பெண்மணி வருடக்கணக்காகக் கடிதம் எழுதி எழுதிக் கேட்டது அது. லிங்கன் அதை வெளியிட்டது உள்நாட்டுப் போரின் நடுவில், கெட்டிஸ்பர்க் சண்டை முடிந்து மூன்று மாதத்தில். நாடு முழுக்கக் காலி நாற்காலி. விளைச்சலுக்கு நன்றி சொல்லச் சொன்ன அதே அறிவிப்பு, கணவனை இழந்தவர்களையும் பிள்ளைகளையும் துக்கப்படுகிறவர்களையும் இறைவன் கையில் ஒப்படைக்கச் சொன்னது. காலி நாற்காலியைப் பார்த்தால் அவர்களுக்கு வருத்தம் வந்தது. நமக்குப் போட்டோ எடுக்கத் தோன்றுகிறது.

அண்ணன் சொல்கிற கதை வேறு. முதல் தேங்க்ஸ்கிவிங் என்று சொல்லப்படுகிற கதை: 1621, பிளைமவுத், மூன்று நாள் விருந்து, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள் என்பதோடு முடித்துவிடுவார். இங்கிலாந்திலிருந்து வந்து குடியேறியவர்களுக்குச் சோளம் பயிரிடக் கற்றுக்கொடுத்தவர்கள் யார், அந்த வாம்பனோவாக் மக்களின் வாரிசுகளும் மற்றப் பூர்வகுடிகளும் 1970 முதல் அதே பிளைமவுத்தில் அதே வியாழக்கிழமையைத் துக்க நாளாக ஏன் கடைப்பிடிக்கிறார்கள் என்பதெல்லாம் மைக்கில் வராது. உதவி செய்தவர்கள் விருந்துப் படத்தின் ஓரத்துக்குப் போய்விடுவது பழைய வழக்கம்தான்.

ஓரம் என்றதும் அண்ணி ஞாபகம் வருகிறார்.

போன வருடம் அண்ணன் வீட்டு விருந்தில், ஒவ்வொருவராக நன்றி சொல்லும் கிராட்டிட்யூட் சர்க்கிளில் இருந்தவர்களுக்கு இது தெரியும். முப்பத்திரண்டு பேர். மைக் கை மாறிக்கொண்டே போகிறது. கடவுளுக்கு நன்றி, இந்த நாட்டுக்கு நன்றி, அண்ணனுக்கு நன்றி, அண்ணனின் பெரிய மனசுக்கு நன்றி. ஒரு தம்பி புது காருக்குக்கூட நன்றி சொன்னான். அண்ணி அடுப்படியில் இருந்தார். இரண்டு நாளாக அங்கேதான் இருந்தார். கடைசியில் யாரோ, "அண்ணி, நீங்களும் ரெண்டு வார்த்தை சொல்லுங்க" என்று கூப்பிட, ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்து மைக்கை வாங்கி, "ஆறிடப் போகுது, வந்து சாப்பிடுங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அவர் பெயரை அன்று ஒருவர்கூடச் சொல்லவில்லை என்பது காரில் திரும்பி வரும்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். 2009இல் எனக்குக் கோட்டு கொடுத்தது அண்ணன். ஐந்து மாதம் கேட்காமல் தட்டில் சோறு போட்டது யார்? காய்ச்சலில் படுத்தபோது ராத்திரி பேஸ்மென்ட் படி இறங்கி வந்தது யார்? அவர் இன்றுவரை ஏணி, தோணி என்று எதையும் என்னிடம் பேசியதில்லை.

செய்த நன்றி எப்போது திரும்பி வரும் என்று கேட்காதே, தென்னைக்கு ஊற்றிய தண்ணீர் போல அது தானாக வரும் என்று ஔவையார் மூதுரையின் முதல் பாட்டிலேயே சொல்லிவிட்டார். குறள் தெரிந்த அண்ணனுக்கு அது தெரியாமலா இருக்கும். தென்னை மரத்தடியில் நின்று, "நான் ஊற்றினேனே, இளநீர் எங்கே?" என்று வருடா வருடம் கேட்டுக்கொண்டிருந்தால் மரம் என்ன செய்யும்?

"அவருக்கு வயதாகிறது, ஏக்கத்தில் போட்டிருப்பார், நீ விட்டுக்கொடுத்துப் போகலாமே." இதை மட்டும் என்னால் தூக்கி எறிய முடியவில்லை. ஏக்கமாகத்தான் இருக்கும். அவருடைய இரண்டு பிள்ளைகளும் கலிஃபோர்னியாவில். இரண்டு பேரும் இந்த வருடம் வரவில்லை. அவர்கள் நாற்காலியை அவர் போட்டோ எடுக்கவில்லை, கவனித்தீர்களா? எடுக்க மனம் வந்திருக்காது. என் நாற்காலியை எடுப்பது சுலபம். சரி, எனக்கு இது புரிகிறது. புரிந்தும் வலிக்கிறது. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கலாம், அதற்குத் தடையில்லை.

பொதுவெளியில் எதற்கு எழுதுகிறாய் என்பவர்கள், பொதுவெளியில் முதலில் எழுதியவரிடம் போய்க் கேளுங்கள்.

இன்னொன்று. சொல்லக் கூடாது, சொல்லிவிடுகிறேன். காலி நாற்காலி என்று ஆரம்பித்தால் நம்மில் யாருக்கு வாய் இருக்கிறது? கும்பகோணத்தில் பெரியம்மா தனியாக இருக்கிறார், எண்பத்தொரு வயது. 25ஆம் தேதி ராத்திரி வேலைக்குக் கிளம்பும் முன் அவருக்கு வீடியோ கால் போட்டேன். இங்கே இரவு எட்டு, அங்கே மறுநாள் காலை ஆறரை. வாசலில் கோலம் போட்டு முடித்துத் தூணைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் கூடியிருக்கீங்களாடி? அவன் நல்லா இருக்கானா?" என்று கேட்டார். கூடியிருக்கிறோம் பெரியம்மா என்று பொய் சொன்னேன். அவருக்கு முன்னால் எத்தனை காலி நாற்காலி என்று எண்ணிப் பார்த்தேன். அதில் என்னுடையதும் ஒன்று, என் அம்மா போன பிறகு அந்த ஊருக்கு நான் போனதே இரண்டு தடவை. அவர் யாரையும் டேக் பண்ணவில்லை.

இந்தப் பத்தியை எழுதியிருக்கக் கூடாதுதான். அண்ணனுக்கு இது வலிக்கும். இரண்டு முறை அழித்துவிட்டு மறுபடி எழுதினேன், இப்போது அப்படியே விடுகிறேன்.

கமெண்டில் யாரும் அண்ணனைத் திட்ட வேண்டாம். திட்டினால் பிளாக் பண்ணுவேன். அவரைத் திட்டும் உரிமை, அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு நடந்தவளுக்கு மட்டும்தான்.

இன்று சனிக்கிழமை, 27. நாங்கள் வருவதாகச் சொன்ன நாள். போவதில்லை என்றுதான் நேற்று முழுக்க இருந்தேன். காலையில் அண்ணியிடமிருந்து ஒரு மெசேஜ். போஸ்டைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மிச்சம் நிறைய இருக்கு. டப்பா கொண்டு வா."

இவர் கீழே காரில் பனி சுரண்டிக்கொண்டிருக்கிறார். என் பெண் நான்கு டப்பாவை எடுத்து வாசலில் வைத்துவிட்டாள்.