ஏழாவது நாள் பால் ஊற்றியது யார்?

விடிகாலை மணி 4.20. எங்கள் பூனை சூடை என் காலடியில் உட்கார்ந்து நிம்மதியாக முகத்தை நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கிறது. வயிறு நிறைந்துவிட்டது அல்லவா. விடியலில் அது தீனி கேட்டுக் கத்தினாலும் எழுந்திருக்காமல் 6 நாள் பல்லைக் கடித்துக்கொண்டு படுத்துக் கிடந்தேன். அந்த 6 நாளும் இன்று அரை டம்ளர் பாலில் போய்விட்டது. ஊற்றியது அம்மா. "வாயில்லாச் சீவன், எவ்வளவு நேரந்தான் கத்தும்?" என்கிறார்.

எனக்கு வயிறு எரிகிறது. 6.30 பஸ்ஸைப் பிடித்து ராமநாதபுரம் போய், நாள் முழுக்க நின்றுகொண்டு வேலை பார்ப்பவள் நான். படுக்கவே 11 ஆகிவிடும். போன வாரம் வரை, ஒரு வருடமாக என்றைக்கும் 3.45 மணிக்கு மேல் தூங்கியதில்லை.

கோபம் பூனை மேல் இல்லை. தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுப் பூனைக்கு அந்த நேரத்தைப் பழக்கிவிட்டதே நாங்கள்தான். அண்ணன் விசைப்படகில் போகிறான். வாரத்தில் 3 நாள் கடல். ஒரு நாள் காலை போனால், மறுநாள் விடியும் முன் கரை. கறிக்கு எடுத்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு வருவான். வாசலில் நின்றபடியே 2 காரல் மீனை எடுத்துச் சூடைக்குப் போடுவான். ஆசையாகத்தான் செய்தான். ஆனால் என்ன ஆனது? 3 விடியலில் மீன் உண்டு, 4 விடியலில் இல்லை. எது எந்த நாள் என்று பூனைக்கு எப்படித் தெரியும்? அதனால் 7 நாளும் எழுந்து பார்க்கிறது. தினமும் கிடைத்து ஒருநாள் நின்றுபோனால் எந்த உயிருக்கும் சீக்கிரம் புரிந்துவிடும். கிடைத்தும் கிடைக்காமலும் போனால்தான் விடாது. பாம்பன் பாலத்தில் தூண்டில் போட்டு உட்கார்ந்திருப்பவர் மீன் கடிக்காத நாளிலும் எழுந்து போகாமல் இருக்கிறாரே, அதே கதைதான்.

ஏப்ரல் 15-இல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை 61 நாள். படகு கரையில் கட்டிக் கிடக்கிறது, அண்ணன் 7 மணி வரை தூங்குகிறான். சூடை மட்டும் 3.45-க்கு டாணென்று வாசலுக்குப் போகிறது. பார்க்கிறது. யாரும் வரவில்லை என்றதும் நேராக என்னிடம் வருகிறது.

முதலில் நெஞ்சில் ஏறிப் படுத்துக் குர்ரென்று சத்தம் போடும். அது கொஞ்சல் என்றுதான் நானும் நினைத்தேன். இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2009-இல் எழுதியதைப் படித்தபோதுதான் விளங்கியது. தீனி கேட்கும்போது பூனையின் குர்ரொலிக்குள் மெல்லிய அழுகை போன்ற ஒரு சத்தமும் கலந்து வருகிறதாம். அந்தச் சத்தத்தின் சுருதி கைக்குழந்தையின் அழுகைக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். 3 பிள்ளை வளர்த்த அம்மாவுக்கு அது எங்கே போய்த் தைக்கும் என்று எனக்குப் புரிகிறது. புரிந்தாலும் ஆத்திரம் அடங்கவில்லை.

இதில் பக்கத்து வீட்டு யோசனை வேறு. "சாக்குல கட்டி, பாலத்துக்கு அந்தப் பக்கம் மண்டபத்துல விட்டுட்டு வா." எப்படி மனசு வருகிறது? ஆப்பிரிக்கக் காட்டுப்பூனையின் வழியில் வந்த பிராணி. எலியும் பறவையும் நடமாடுகிற விடியலும் அந்தியும்தான் அதற்கு வேட்டை நேரம். ஒரு நாளில் 12 மணி நேரத்துக்கு மேல் தூங்குவதும், கருக்கலில் விழிப்பதும் அதன் இயற்கை. விழித்திருக்கட்டும், வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். விழித்ததும் மனிதரை எழுப்பினால் சோறு வரும் என்பது மட்டும்தான் நாம் கற்றுக்கொடுத்த பாடம். நாம் கொடுத்ததை நாமே திருப்பி வாங்க வேண்டும், அதற்காக ஒரு உயிரைத் தெருவில் விடக் கூடாது.

அதைத்தான் போன வாரம் தொடங்கினேன். முதலில் கால்நடை மருத்துவரிடம் காட்டினேன். வயதான பூனை திடீரென்று இரவில் கத்தினால் தைராய்டு, சிறுநீரகம் என்று காரணம் இருக்கலாம். கருத்தடை செய்யாத பெண் பூனை என்றால் பருவக் கத்தலாகவும் இருக்கலாம். சூடைக்கு வயது 3, கருத்தடை போன வருடமே ஆகிவிட்டது, உடம்பில் ஒன்றும் இல்லை. சரி, பழக்கம்தான்.

இரவு 10 மணிக்குத் துணிக் கயிற்றின் நுனியில் கோழி இறகைக் கட்டி, மூச்சு வாங்கும் வரை ஓடவிட்டேன். (தங்கூசி என்கிற தூண்டில் நரம்பை மட்டும் விளையாடக் கொடுத்துவிடாதீர்கள். விழுங்கினால் குடலை அறுத்துவிடும்.) அப்புறம் வேகவைத்த மீனும் கொஞ்சம் சோறும். வேட்டை, தீனி, நக்கிச் சுத்தம், தூக்கம் என்பது பூனையின் வரிசை. அதை நம் தூக்க நேரத்துக்குக் கொண்டுவருவதுதான் வேலை. விடியலில் என்ன கத்தினாலும் அசையக் கூடாது. திட்டவும் கூடாது, "சூ" என்று விரட்டவும் கூடாது, அதுவும் அதற்கு ஒரு பதில்தான். எழுந்தவுடன் தட்டை நிரப்பவும் கூடாது. பல் தேய்த்து, வாசல் கூட்டி, உலை வைத்த பிறகுதான் தீனி. அப்போதுதான் நான் எழுவதும் தீனி வருவதும் அதன் மனதில் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொள்ளாது.

மூன்றாம் நாள் நரகம். கதவைப் பிறாண்டியது, அலமாரியில் இருந்த செம்பைத் தள்ளிவிட்டது. வழக்கமாகக் கிடைத்தது நின்றுபோனால் முதலில் இன்னும் பலமாகக் கேட்டுப் பார்க்கும், அதைத் தாண்டினால் குறையும். தாண்டினேன். ஐந்தாம் நாள் 4.30-க்குத்தான் கத்தியது. ஆறாம் நாள் கோயில் மணி அடித்த பிறகு, 5.10. நேற்று அம்மாவிடம் அதைச் சொல்லும்போது எனக்குக் கண் கலங்கிவிட்டது, அவ்வளவு தூங்கியிருந்தேன்.

இன்று பால். இப்போது சூடை கற்றுக்கொண்டது என்ன? 6 நாள் விடாமல் கத்தினால் ஏழாம் நாள் கிடைக்கும். முன்பைவிட மோசம். அந்தப் பாலாவது அதற்கு நல்லதா? வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிக்காது. கழிச்சல் ஆனால் சாயங்காலம் வந்து துடைப்பவளும் நான்தான். பச்சை மீனையே தினமும் போடுவதும் அப்படித்தான். சில மீன்களில் உள்ள ஒரு பொருள் தயமின் என்ற உயிர்ச்சத்தை அழித்துவிடும். "கடக்கரைப் பூனைக்கு மீன் ஒத்துக்காதா?" என்று அண்ணன் கேட்கிறான். வேகவைத்துப் போடு, இரவில் போடு என்றுதானே கேட்கிறேன்!

இன்று இரவு மறுபடி முதல் நாள். அம்மா, உங்களுக்குத் தூக்கம் கலைந்தால் என்னை எழுப்புங்கள், நான் உங்களோடு உட்கார்ந்திருக்கிறேன், பால் செம்பைத் தொடாதீர்கள். அண்ணா, ஜூன் 14-க்கு அப்புறம் நீ கரைக்கு வரும் முதல் விடியலில் சூடை வாசலில் நிற்கும். மீன் பையைத் திறக்காமல் நேரே உள்ளே கொண்டுபோய் வை. அதன் பங்கை இரவு 10 மணிக்கு நீயே உன் கையால் போடு.