வாசலை மறித்து நிற்கும் கார்கள்

சபை ஊழியத்துக்காக ஈப்போவிலிருந்து கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸுக்குக் குடிவந்த எங்களுக்கு, ஆராதனைகளோ வீட்டு ஜெபக்கூட்டங்களோ ஒருநாளும் பாரமாக இருந்ததில்லை. வாசலை மறித்து நிறுத்தப்படும் கார்கள்தாம் தீராத தொல்லையாகிவிட்டன. 2001இல் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலையமும், 2010இல் துன் சம்பந்தன் சாலையை ஒட்டி லிட்டில் இந்தியாவும் திறக்கப்பட்ட பகுதி இது; கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் வாழையிலைச் சாப்பாட்டுக்கும் வருகிறவர்கள் இந்தக் குறுகிய சந்துகளில்தான் இடம் தேடியாக வேண்டும். அது புரிகிறது. ஆனால், கைப்பிரேக்கை இறுக்கிவிட்டு, கண்ணாடியில் ஒரு கைப்பேசி எண்ணைக்கூட வைக்காமல் போவதை எப்படிப் பொறுத்துக்கொள்வது?

கடந்த வாரம், நோயுற்ற மூதாட்டி ஒருவருக்காக ஜெபிக்க நாங்கள் மருத்துவமனைக்குப் புறப்பட்டபோது, வெள்ளை மைவி கார் ஒன்று எங்கள் கேட்டை ஒட்டி நின்றது. நான் ஹாரனை அழுத்திக்கொண்டேயிருக்க, என் கணவர் கடை கடையாக ஏறி இறங்கி வண்டி எண்ணைச் சொல்லி விசாரித்தார். நோயாளிகளைப் பார்க்கும் நேரம் முடியும் தறுவாயில், பிளாஸ்டிக் பையில் கட்டிய தே தாரிக் தேநீருடன் ஒருவர் நிதானமாக நடந்துவந்து, "அஞ்சு நிமிஷம்தானே, அக்கா" என்றார். மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. ஒரு துண்டுச் சீட்டில் எண்ணை எழுதி வைத்துவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும்?